பணம் வருகிறது, ஆள் வரவில்லை: தமிழ்நாட்டில் வீட்டுப் பராமரிப்புக்கான அரசு நிதி

1. கேள்வி

கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமம். பக்கவாதம் வந்து மூன்று ஆண்டுகளாகக் கிடையில் இருக்கும் ஒரு மூதாட்டியின் வீட்டுக்கு அண்மையில் போயிருந்தேன். அவரைப் பார்த்துக்கொள்பவர் மருமகள். மருமகளுக்கே வயது ஐம்பத்தெட்டு. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், மாதம் ஒருமுறை வந்து போகிறார். காலை ஐந்தரைக்கு ஈரத்துணி மாற்றுவதில் அந்தப் பெண்ணின் நாள் தொடங்குகிறது. டயபர் இரவுக்கு மட்டும்தான். பகலுக்குப் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, துவைத்து, மடித்து அடுக்கி வைத்திருக்கிறார். கஞ்சியைச் சலித்து மூக்குக் குழாய் வழியே இரண்டு மூன்று மணிக்கொரு தரம் விட வேண்டும். விட்ட பிறகு அரை மணி நேரம் தலைமாட்டை உயர்த்தியே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் புரையேறிவிடும். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லி மருத்துவமனையில் அனுப்பியிருக்கிறார்கள். இரவுக்கும் அதே கணக்குத்தான். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர் அவர். போவதை விட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. “கூலிக்குப் போயிட்டா இவங்கள யாரு புரட்டிப் போடுறது?” என்று கேட்டார்.

அந்த வீட்டுக்கு அரசுப் பணம் வருகிறது. மூதாட்டியின் பெயரில் மாதம் 1,200 ரூபாய் முதியோர் ஓய்வூதியம், ஊர்ப் பேச்சில் ஓஏபி பணம். அதை வாங்குவதற்கு மாமியாருக்குத் தனி ரேஷன் கார்டு எடுத்து, பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர் என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருந்ததாம். ஆக, அரசின் காகிதத்தில் அந்த மருமகள் இல்லை. இரவில் நான்கு முறை எழுந்து புரட்டிப் போடும் கைகள் இல்லை என்று எழுதிக்கொடுத்த பிறகே உதவி வந்திருக்கிறது.

முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் தம் வீட்டிலேயே பராமரிப்புப் பெறுவதற்காக அரசு செலவிடும் பணம் உண்மையில் எதை வாங்குகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அரிசி, மாத்திரை, ஆட்டோ வாடகை ஆகியவற்றில் ஒரு பங்கை வாங்குகிறது. பார்த்துக்கொள்பவரின் நேரத்தை அது வாங்கவில்லை. தொகை சிறியது என்பது இதற்குப் பாதிக் காரணம்தான். வீட்டில் சம்பளமில்லாத ஒரு பெண் எப்போதும் இருப்பார் என்ற ஊகத்தின் மேல் திட்டங்கள் எழுப்பப்பட்டிருப்பது மறுபாதி. பின்வரும் பகுதிகளில் நான் நிறுவ முயல்வது அந்த ஊகத்தின் இருப்பையும் அதன் விளைவையும்தான்.

2. தேவையின் அளவு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறுபது வயது கடந்தோர் 10.4 சதவீதம். தேசிய மக்கள்தொகை ஆணையத்தின் வல்லுநர் குழு கணித்தபடி 2021-ல் இது 13.6 சதவீதம், 2031-ல் 18.2 சதவீதம். கேரளத்துக்கு அடுத்து நாட்டிலேயே முதிர்ந்த மாநிலம் நம்முடையது. முதுமை குறித்து 2017-18-ல் நாடு முழுவதும் நடந்த நெடுங்கால ஆய்வு (லாசி), குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், எழுந்து நடத்தல், கழிப்பறைக்குப் போதல் போன்ற அன்றாடச் செயல்களில் ஒன்றிலாவது இடர்ப்படுவோர் முதியோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் என்று கண்டது.

மாற்றுத்திறனாளிகள் தமிழ்நாட்டில் 11.79 லட்சம் பேர் என்கிறது அதே 2011 கணக்கெடுப்பு. 2018-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76-ஆம் சுற்று, இந்தியாவின் மாற்றுத்திறனாளிகளில் 62.1 சதவீதம் பேருக்குப் பராமரிப்பவர் ஒருவர் இருப்பதாகச் சொல்கிறது. அரசிடமிருந்து ஏதேனும் உதவி பெற்றவர்கள் 21.8 சதவீதம். மாற்றுத்திறன் சான்றிதழ் வைத்திருந்தவர்களே 28.8 சதவீதம்தான். இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்கும். பராமரிப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது, அதில் பெரும்பகுதி அரசின் கண்ணுக்குப் படாமலே நடக்கிறது.

நடத்துபவர் யார்? 2019-ன் நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டாரைப் பராமரிக்கும் ஊதியமற்ற பணியில் ஈடுபட்ட பெண்கள் 27.6 சதவீதம், ஆண்கள் 14 சதவீதம். ஈடுபட்டவர்களிடையே ஒரு நாளின் சராசரி பெண்ணுக்கு 134 நிமிடம், ஆணுக்கு 76 நிமிடம். குழந்தை வளர்ப்பும் இதில் அடங்கும் என்பதால் முதியோர் பராமரிப்புக்கு மட்டும் இந்த எண்ணை அப்படியே எடுத்தாள முடியாது. ஆனால் எந்தத் திசையில் சாய்கிறது என்பதில் ஐயமில்லை. இந்தப் பணியைச் செய்பவருக்குத் தமிழில் நிலைத்த ஒரு பெயர்கூட இன்னும் வாய்க்கவில்லை. “கூட இருக்கிறவங்க” என்போம். மருத்துவமனையில் “அட்டெண்டர்”. மாற்றுத்திறனாளிகளின் போராட்டங்களில் முன்நிற்கும் தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் தன் பெயரிலேயே “பாதுகாப்போர்” என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டிருப்பது அந்த வகையில் முக்கியமானது.

தமிழ்நாட்டின் கருவள விகிதம் ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வில் 1.8. ஒரு வீட்டில் ஒன்றோ இரண்டோ பிள்ளைகள், அவர்களும் சென்னையிலோ ஓசூரிலோ சிங்கப்பூரிலோ. “கூட இருக்கிறவங்க” என்ற அந்தப் பெயரற்ற ஆள் குறைந்துகொண்டே வருகிறார்.

3. சட்டம் எழுதிவைத்திருப்பது

நம்மிடம் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு சட்டங்கள் இருக்கின்றன.

முதலாவது, 2007-ன் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். இதன்படி பராமரிப்பு என்பது பிள்ளைகள் பெற்றோருக்குச் செலுத்த வேண்டிய கடன். தராத பிள்ளை மீது தீர்ப்பாயத்தில் முறையிடலாம், மாதம் 10,000 ரூபாய் வரை ஆணை பெறலாம். கைவிடப்பட்ட பல பெற்றோருக்கு இந்தச் சட்டம் கைகொடுத்திருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கைவிடாத பிள்ளைக்கு, தூக்கமின்றிப் பார்த்துக்கொண்டிருக்கும் மகளுக்கு, அரசு என்ன செய்யும் என்ற கேள்விக்கு இதில் இடமே இல்லை. அரசின் கடமையாக அது சொல்வதில் முதன்மையானது மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லம், அதாவது வீட்டுக்கு வெளியே.

இரண்டாவது, 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம் முற்றிலும் வேறு தளத்தில் நிற்கிறது. பராமரிப்பவர் யார் என்று வரையறுக்கும்போதே, ஊதியம் பெற்றோ பெறாமலோ பராமரிக்கும் பெற்றோர், குடும்பத்தார் உள்ளிட்ட எவரும் என்கிறது. 5-ஆம் பிரிவு, சமூகத்தில் வாழ்வதற்கான உரிமையின் பகுதியாக வீட்டிலேயே கிடைக்கும் உதவிச் சேவைகளையும் தனிப்பட்ட உதவியாளரையும் குறிப்பிடுகிறது. 24-ஆம் பிரிவு, அதிக உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பவர் படி வழங்கும் திட்டம் வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. இந்தியா 2007-ல் ஏற்புறுதி செய்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19-ஆம் கூறுதான் இதற்கு வேர்.

ஒரே உடல்நிலையில் இருக்கும் இருவரில் ஒருவரை “மூத்த குடிமகன்” என்று அழைத்தால் அவருடைய பராமரிப்பு பிள்ளையின் கடன். “மாற்றுத்திறனாளி” என்று அழைத்தால் அது உரிமை. பக்கவாதத்தில் கிடக்கும் எண்பது வயதுக்காரர் இரண்டுமே ஆனவர். எந்த அலுவலகத்தின் வாசலில் முதலில் போய் நிற்கிறாரோ அதைப் பொறுத்து அவர் பெறுவது மாறுகிறது. முதியோர் என்றால் வருவாய்த்துறை வழியே 1,200 ரூபாய். கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளி என்று சான்று கிடைத்தால் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியே 2,000 ரூபாய். அந்தச் சான்றிதழுக்கு அவரை மருத்துவக் குழுவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். படுக்கையை விட்டு எழ முடியாதவரை எழ முடியாதவர் என்று மெய்ப்பிக்க வேன் வைத்துத் தூக்கிக்கொண்டு போன குடும்பங்களை எல்லா மாவட்டங்களிலும் பார்க்கலாம்.

4. ஒரு கூலிக் கணக்கு

முதியோர் ஓய்வூதியம் தமிழ்நாட்டில் 1962-ல் தொடங்கியது. ஒன்றிய அரசு இந்தத் துறையை எட்டிப் பார்ப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பு. அந்தப் பெருமை நமக்கு உண்டு. 2011-ல் 1,000 ரூபாயாகவும் 2023-ல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. இதில் ஒன்றிய அரசின் பங்கு எண்பது வயதுக்குக் கீழ் 200 ரூபாய், எண்பதைக் கடந்தவருக்கு 500 ரூபாய் என்ற அளவில் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அசையாமல் நிற்கிறது. மாநிலம் தன் கையிலிருந்து போடும் பணம்தான் மிகுதி.

கடுமையான பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, முதுகுத்தண்டுவடக் காயம், நடுக்குவாதம் போன்ற நரம்பியல் பாதிப்புகள் உடையோருக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாய். அதிக உதவி தேவைப்படுவோருக்கு உதவியாளர் வைத்துக்கொள்ள மாதம் 1,000 ரூபாயும் உண்டு. பராமரிக்கும் ஆளுக்கென்று தமிழ்நாடு அரசு பெயர் சொல்லித் தரும் தொகை இந்த ஆயிரம்தான். அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

2025-26-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். மூன்று நாள் கூலி 1,008. ஆக ஒரு மாதம் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் உதவியாளருக்கு அரசு வைத்திருக்கும் தொகை மூன்று நாள் கூலிக்கு எட்டு ரூபாய் குறைவு. இன்னொரு அளவுகோல் இன்னும் நெருக்கமானது. வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கு 2018-ல் தமிழ்நாடு அரசே நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம், திறனுக்கேற்ப மணிக்கு 37 முதல் 39 ரூபாய். அந்தப் பழைய விகிதத்திலேயே கணக்கிட்டாலும் ஆயிரம் ரூபாய் மாதத்துக்கு இருபத்தேழு மணி நேரத்தைத்தான் வாங்கும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்கூடத் தேறாது. கும்பகோணத்து மருமகளின் இரவு விழிப்புகளை மட்டும் கூட்டினாலே அதைத் தாண்டிவிடும். சந்தையில் ஆள் பிடிக்க நினைத்தால் நிலைமை வேறு. சென்னையில் ஏஜென்சி மூலம் இருபத்து நாலு மணி நேர அட்டெண்டர் வைக்க மாதம் இருபதாயிரம் ரூபாய்க்குக் குறையாது. அதில் அந்தப் பெண்ணின் கைக்குப் போவது எவ்வளவு என்பது தனி வேதனை.

பார்த்துக்கொள்ளும் உழைப்புக்கு விலை என்ன என்று நம் அரசுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வேறு இடங்களில் அது விலை போட்டிருக்கிறது. பணியின்போது நூறு சதவீத ஊனமடைந்து, பிறர் துணையின்றி இயங்க முடியாத ஒன்றிய அரசு ஓய்வூதியருக்கு நிரந்தர உதவியாளர் படி என்று ஒன்று உண்டு. ஏழாவது ஊதியக் குழுவைத் தொடர்ந்து 2017-ல் அது மாதம் 4,500-லிருந்து 6,750 ரூபாயாக உயர்ந்தது. விபத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியின் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு உதவியாளர்களுக்கு மாதம் தலா 5,000 ரூபாய் என்று கொண்டு, பதினெட்டு ஆண்டுப் பெருக்கத்தில் 21,60,000 ரூபாய் இழப்பீடு அளித்தது. வருமான வரிச் சட்டத்தின் பழைய முறையில், கடுமையான மாற்றுத்திறனாளி ஒருவரைச் சார்ந்தவராகக் கொண்ட வரிதாரருக்கு 1,25,000 ரூபாய் கழிவு கிடைக்கிறது. முப்பது சதவீத வரிப்படியில் இருப்பவருக்கு இது ஆண்டுக்கு 37,500 ரூபாய் மிச்சம், மாதக் கணக்கில் 3,125. வரி கட்டுமளவு வருமானம் உள்ள வீட்டுக்கு அரசு விட்டுக்கொடுப்பது, வருமானமே இல்லாத வீட்டின் உதவியாளருக்குத் தருவதைப்போல மூன்று மடங்கு. இதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்: இந்த ஏற்பாடு அநீதியானது.

2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை இங்கே குறிப்பிடாமல் போக முடியாது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். பெண்களின் ஊதியமற்ற உழைப்புக்கான அங்கீகாரம் என்று ஓர் அரசு தன் திட்டத்துக்குக் காரணம் சொன்னது பெரிய திருப்பம். உதவி என்ற சொல்லை விட்டு உரிமை என்ற சொல்லுக்கு அது வந்தது. ஆனால் கிடையில் இருப்பவரை இருபத்து நாலு மணி நேரமும் பார்ப்பவருக்கும் அந்தப் பாரம் இல்லாதவருக்கும் ஒரே தொகைதான். உழைப்பை அங்கீகரித்த திட்டம் உழைப்பின் அளவை இன்னும் கேட்கவில்லை.

5. வாசல் வரை வரும் சேவை

ரொக்கம் மட்டுமே அரசின் பங்கு என்று நிறுத்தினால் அது நேர்மையாகாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வருகிறது. வட்டார அளவில் இயன்முறை மருத்துவரும் வலி தணிப்புச் செவிலியரும் வீடு தேடி வருகிறார்கள். இத்திட்டம் 2024-ல் ஐ.நா. விருதும் பெற்றது. நான் போன வீட்டில் தன்னார்வலர் தந்த மாத்திரை அட்டைகள் மாடத்தில் ஒழுங்காக அடுக்கியிருந்தன. இயன்முறை மருத்துவர் காட்டிக்கொடுத்தபடி மருமகள் தினமும் மாமியாரின் விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். செவிலியர் வந்து போன பிறகு முதுகுப் புண் ஆறியது என்று நன்றியோடு சொன்னார்.

இது மருத்துவம். மாதத்தில் சில மணி நேரம் வரும் திறன் மிக்க உதவி. மீதமுள்ள எழுநூறு மணி நேரத்தின் பராமரிப்பை அது தொடுவதில்லை, தொடும் நோக்கமும் அதற்கு இல்லை. வீடு தேடி வரும் அந்தப் பெண்களையும் அரசு “தன்னார்வலர்” என்றே அழைக்கிறது, ஊதியம் என்று சொல்லாமல் ஊக்கத்தொகை என்கிறது. வீட்டுக்குள்ளே பார்ப்பவர் பாசத்தால் பார்க்கிறார், வெளியிலிருந்து வருபவர் ஆர்வத்தால் வருகிறார் என்று பெயரிட்டுவிட்டால் இருவருக்கும் கூலி என்ற பேச்சு எழாது.

எழுபது வயது கடந்தோருக்கு 2024-ல் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடு மருத்துவமனைச் சேர்க்கைக்கானது. மருத்துவமனையிலிருந்து “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று சொன்ன பிறகு சில நாள்களில் அதன் வேலை முடிகிறது. நீண்ட பராமரிப்பு தொடங்குவது அங்கேதான்.

2025 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்களை வீட்டுக்கே கொண்டு தரும் திட்டத்தைத் தொடங்கித் தாயுமானவர் என்று பெயர் சூட்டியது. நல்ல திட்டம், பொருள் பொதிந்த பெயர். திருச்சி மலைக்கோட்டைத் தலபுராணம் நம் எல்லோருக்கும் தெரியும். காவிரியில் வெள்ளம், அக்கரையில் தாய் தவித்து நிற்கிறாள், இக்கரையில் மகளுக்குப் பேறுவலி. இறைவன் தாயின் வடிவில் வந்து பேறு பார்த்து, வெள்ளம் வடியும்வரை கூடவே இருந்தான். அவன் பொன்முடிப்பு அனுப்பவில்லை, வந்து இருந்தான். தாய்க்கு நிகர் என்று ஓர் அரசு தன்னை அழைத்துக்கொள்ள விரும்பினால் அந்தப் பெயர் கேட்பது இதைத்தான்.

6. அண்டை மாநிலங்கள்

கேரளம் 2008-ல் வலி தணிப்புப் பராமரிப்புக்கென்று இந்தியாவிலேயே முதன்முறையாக ஒரு கொள்கையை வகுத்தது. 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கி, பின்னர் மலப்புறத்தில் ஊர்மக்களின் வலையமைப்பாக வளர்ந்த இயக்கம்தான் அதற்கு அடித்தளம். உள்ளாட்சிகளே செவிலியரை அமர்த்தி வீடுகளுக்கு அனுப்புகின்றன. இதோடு ஆஸ்வாசகிரணம் என்ற திட்டமும் உண்டு. கிடையில் உள்ளவரை முழுநேரமும் பார்த்துக்கொள்பவருக்கு, நோயாளிக்கு அன்று, மாதம் 600 ரூபாய். தொகை அற்பம். பல மாத நிலுவை விழுவதும் புதிய விண்ணப்பங்கள் தேங்குவதும் அங்கே வாடிக்கையான செய்தி. ஆயினும் அந்த 600 ரூபாய் யாருடைய பெயருக்கு வருகிறது என்பதில் ஒரு கொள்கை இருக்கிறது.

ஆந்திரம் நேர்மாறான வழியில் சென்றது. 2024 ஜூலை முதல் அங்கு முதியோருக்கு 4,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 6,000 ரூபாய், முற்றிலும் படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ இருப்போருக்கு 15,000 ரூபாய். மாதத் தொடக்கத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளிகள் ஆந்திரத்துக்கு இணையான தொகை கேட்டுத் தெருவுக்கு வந்ததில் வியப்பில்லை. பதினைந்தாயிரம் என்பது கிராமப்புறத்தில் ஒரு ஆளை வைத்துக்கொள்ள உண்மையிலேயே போதுமான பணம். இந்தியாவில் ஒரு மாநில அரசால் இப்படிக் கொடுக்க முடியும் என்று ஆந்திரம் காட்டிவிட்டது. அதன் சங்கடத்தையும் காட்டியது. தொகை பெரிதானதும் தகுதி பற்றிய ஐயம் எழுந்தது, மருத்துவக் குழுக்கள் மறு சரிபார்ப்பில் இறங்கின, பலருக்கு நோட்டீசு போனது, போராட்டம் வந்தது. ஒன்றை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். படுக்கையில் இருப்போரைச் சரிபார்க்க அங்கே மருத்துவர்கள் வீட்டுக்குப் போனார்கள். போக முடியும் என்றால் சான்று வழங்குவதற்கும் போக முடியும்.

7. ரொக்கமா, ஆளா?

இந்த விவாதம் முதிர்ந்த வடிவில் நடந்த இரண்டு நாடுகள் ஜெர்மனியும் ஜப்பானும். ஜெர்மனியில் 1995 முதல் பராமரிப்புக் காப்பீடு கட்டாயம். தேவை ஐந்து படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வீட்டிலிருப்பவர் ரொக்கமாக வாங்கலாம், சேவையாகவும் பெறலாம். 2025 நிலவரப்படி உச்சப் படியில் ரொக்கம் மாதம் 990 யூரோ, அதே படியில் சேவையின் மதிப்பு 2,299 யூரோ. சேவையைக் காட்டிலும் ரொக்கம் பாதிக்கும் குறைவு என்றாலும் பெருவாரியான குடும்பங்கள் ரொக்கத்தையே தேர்ந்தன. 2023 இறுதியில் பராமரிப்புத் தேவை உடையோரில் 86 சதவீதம் பேர் வீட்டிலேயே இருந்தனர். நிபந்தனைக்கு உட்பட்டு, பார்த்துக்கொள்ளும் உறவினருக்காக ஓய்வூதியச் சந்தாவைக் காப்பீடே கட்டுகிறது. அவர் ஓய்வெடுக்க, ஊருக்குப் போக, மாற்று ஆளுக்கும் பணம் தருகிறது. குறை என்னவென்றால், ரொக்கத்தை வைத்துக் கிழக்கு ஐரோப்பியப் பெண்களைக் குறைந்த கூலிக்கு வீட்டோடு அமர்த்தும் பெரிய மறைமுகச் சந்தை அங்கே உருவாகிவிட்டது.

ஜப்பானின் வழி வேறு. 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய பராமரிப்புக் காப்பீடு, குடும்பத்துக்கு ரொக்கம் தருவதில்லை என்று முடிவெடுத்தது. அந்த முடிவின் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானோர் பெண்கள். ஹிகுச்சி கெய்கோ போன்றோர் 1983-ல் நிறுவிய பெண்கள் அமைப்பு தெளிவாகவே வாதிட்டது: ரொக்கம் கொடுத்தால் அது மருமகளை மாமியார் படுக்கையருகே கட்டிப்போடும் கயிறாகும், ஆள் அனுப்புங்கள். பிள்ளைகள் பெற்றோரைப் பார்ப்பது ஓர் அழகிய மரபு, காப்பீடு அதைக் கெடுத்துவிடும் என்று ஆளுங்கட்சித் தலைவர் ஒருவர் 1999-ல் எதிர்த்தார். அந்த “அழகிய மரபை” நாள்தோறும் சுமந்தவர்கள் பெண்கள் என்பதை ஹிகுச்சியின் தோழியர் எடுத்துக்காட்டினார்கள். இன்று ஜப்பானில் நாற்பது வயது கடந்த எல்லாரும் சந்தா கட்டுகிறார்கள், செலவில் ஏறத்தாழப் பாதி வரிப்பணம், பயனாளி பத்து சதவீதமும் வசதியுள்ளவர் அதற்கு மேலும் செலுத்துகிறார். ஆனால் அனுப்புவதற்கு ஆள் போதவில்லை. வீட்டுப் பராமரிப்புக்கான அடிப்படைக் கட்டணம் 2024-ல் குறைக்கப்பட்டபோது சிறு நிறுவனங்கள் தடுமாறின.

பிரிட்டனின் ஒரு நிகழ்ச்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1976-ல் அங்கு பராமரிப்பவர் படி வந்தபோது மணமான பெண்களுக்கு அது இல்லை என்றது சட்டம். எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது காரணம். தாயைப் பார்ப்பதற்காக வேலையை விட்ட ஜாக்கி டிரேக் வழக்குத் தொடர்ந்தார். 1986-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பிறகே அந்த விலக்கு நீங்கியது. தமிழ்நாட்டுத் திட்டங்களில் இப்படி ஒரு வாசகம் எழுதப்படவில்லை. எழுதாமலே அது இயங்குகிறது.

ஹிகுச்சியின் வாதம் எனக்கு வலுவாகப் படுகிறது. ஆனால் அதை அப்படியே இங்கே பெயர்க்க முடியாது. அனுப்ப ஆளும் அமைப்பும் இல்லாத நிலையில் ரொக்கத்தை மறுத்தால், இப்போது பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அதுவும் இல்லாமல் போகும். மாற்றுத்திறனாளிகள் இயக்கம் எழுப்பும் இன்னொரு கருத்தும் இருக்கிறது. பணம் பராமரிப்பவர் கைக்குப் போனால், யாரிடம் எந்த வேலையை வாங்குவது என்ற முடிவும் அவர் கைக்குப் போய்விடும். எப்போது எழுவது, எங்கே போவது என்பதைத் தாமே தீர்மானிக்க விரும்பும் முப்பது வயது இளைஞருக்குத் தேவை தம் சொல் கேட்கும் உதவியாளர். கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். அருகில் உதவும் கைகள் இருந்தால் ஒரு வாழ்வு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அவர் சான்று. ஆக முதியோர்க்கும் இளைய மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒரே அச்சில் வார்த்த திட்டம் பொருந்தாது. இளையவருக்கு உதவியாளர் படி அவர் கையிலேயே இருக்க வேண்டும். நினைவு தப்பிய முதியவருக்கு, பார்ப்பவர் கைக்கு வர வேண்டும்.

8. செய்யத்தக்கவை

நிதி இல்லை என்பது முதல் மறுப்பாக வரும். மாநிலத்தின் கடன்சுமை உண்மை, ஆந்திரத்தின் தொகையை நாளையே கொடு என்று கேட்பது எளிது, கொடுப்பது கடினம். ஆனால் தொடக்கம் சிறிதாக இருக்கலாம். உதவியாளர் படியை ஒரு நிலையான தொகையாக வைக்காமல் மணிக்கணக்கில் வரையறுத்து, குறைந்தபட்ச ஊதியத்தோடு கட்டிவைக்க வேண்டும். கடுமையான நிலையில் இருப்பவருக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று கொண்டால், மணிக்கு 39 ரூபாய் விகிதத்தில் மாதம் 2,340 ரூபாய் ஆகிறது. இன்றைய ஆயிரத்துக்கும் இதற்கும் உள்ள இடைவெளி கடக்க முடியாதது அன்று. ஊதியம் உயரும்போது படியும் தானே உயரும், ஒவ்வொரு முறையும் கோட்டை நோக்கி ஊர்வலம் போக வேண்டியதில்லை.

குடும்பப் பாசத்துக்கு விலை வைக்கலாமா என்பது இரண்டாவது மறுப்பு. நான் பேசிப் பார்த்த பெண்கள் யாரும் பாசத்துக்குக் கூலி கேட்கவில்லை. தூங்க ஓர் இரவு கேட்டார்கள். ஆகவே ரொக்கத்தோடு ஆளும் வர வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து பயிற்சி பெற்ற பெண்களை ஊராட்சிகள் ஊதியத்துக்கு அமர்த்தி, வீட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமும், ஆண்டில் சில நாள் முழுநேர மாற்று ஆளாகவும் அனுப்பலாம். மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு முகவரிகளை ஏற்கெனவே அறிந்து வைத்திருக்கிறது. அதில் இல்லாதது கழுவ, துடைக்க, புரட்ட ஒரு ஆள். அவரைத் தன்னார்வலர் என்று அழைக்காமல் தொழிலாளர் என்றே அழைக்க வேண்டும்.

நான் விடைபெறும்போது அந்த மருமகள், தம்பி மகளின் கல்யாணத்துக்கு முகூர்த்த நேரத்துக்குப் போய் அட்சதை போட்டுவிட்டு, பந்திக்கு உட்காராமல் பஸ் ஏறிய கதையைச் சொன்னார். மூன்று ஆண்டுகளில் அவர் ஊரைவிட்டு வெளியே போன ஒரே நாள் அது. அவரைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்று தமிழ்நாட்டில் யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. அடுத்த நிதிநிலை அறிக்கையில் பராமரிப்பவர் நேரத்துக்கென்று தனியாக ஒரு கணக்குத் தலைப்பைத் திறக்க வேண்டும் என்று அரசையும், அதைத் தொடர்ந்து கேட்க வேண்டும் என்று வாசகர்களையும் கேட்டுக்கொள்கிறேன். முதல் ஆண்டில் அதன் கீழ் எவ்வளவு சிறிய தொகை வந்தாலும் சரி, அந்தத் தலைப்பு வேண்டும்.